குதிரை லாயத்தில் ஐம்பதாயிரம் புழு

“குதிரை கட்டின எடத்துல புழுவா? இதுக்குத்தான் திருப்பதி வரைக்கும் போய்ப் படிச்சியா அம்மாயி?”

பெண்பிள்ளைகளைத் தெலுங்கில் ‘அம்மாயி’ என்று கூப்பிடும் ரைட்டர் மாமா இதைக் கேட்டபோது லாயத்தின் பெரிய கதவு பாதிதான் திறந்திருந்தது. மீதிப் பாதியைத் துருப்பிடித்த கீல் விடவில்லை. உள்ளேயிருந்து வௌவால் எச்சத்தின் வாடை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த வாடை. மாமரத்துக்கு அடிக்கிற மருந்து.

“ஆமாம் மாமா” என்றேன். “சாவியைக் குடுங்க.”

அவர் கொடுக்கவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். “ஜமீந்தார் காலத்துல இந்தக் குதிரைங்களப் பாக்கவே மெட்ராஸ்லருந்து துரைங்க வருவாங்களாம். இப்ப இன்னாடான்னா…” என்று பாதியில் நிறுத்திவிட்டு, சாவியை என் கையில் வைக்காமல் படிக்கல்லின் மேல் வைத்தார். குனிந்து எடுத்துக்கொண்டேன்.

பட்டுப்புழுவுக்காக நைனாவின், அதாவது அப்பாவின், ஒரு ஏக்கரில் மல்பெரி நட்டதைப் பற்றிப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதினேன். அந்தச் செடி இடுப்பளவு வந்திருந்தது. இலை இருந்தது, புழு வளர்க்க இடம் இல்லை. எங்கள் வீட்டில் நாலு பேர் படுத்தாலே ஒருவர் கால் வாசலுக்கு வெளியே நீட்டும். புதிதாக ஷெட் கட்ட வழி கிடையாது. ஊரில் பூட்டிக் கிடந்த ஒரே பெரிய கட்டடம் பங்களாவின் குதிரை லாயம்.

புத்தூரிலிருந்து வரும் சாலையில் நகரி மலையின் மூக்கு தெளிவாகத் தெரியும் இடத்தில் இறங்கி, மாந்தோப்புக்குள் நடந்தால் அந்தப் பங்களா வரும். கோடையைக் கழிக்க ஒரு ஜமீந்தார் கட்டியது. அவருடைய கொள்ளுப்பேத்தி இப்போது சென்னையில் இருக்கிறார். எங்களுக்கு அவர் ‘மெட்ராஸ் அம்மா’. தோப்பையும் பங்களாவையும் பார்த்துக்கொள்வது ரைட்டர் மாமா.

போனில் மெட்ராஸ் அம்மாவிடம் நானே பேசினேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

“பொங்கல் முடிஞ்சு நான் வருவேன். அதுக்குள்ள ஒரு பயிர் எடுத்துக் காட்டு. வந்துச்சுன்னா அஞ்சு வருஷத்துக்கு எழுதித் தரேன். வரலைன்னா பழக்கூடை அடுக்க ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார், அவருக்குக் கொடுத்துடுவேன்.”

ஒரே பயிர். அது தேறினால் லாயம் எனக்கு, இல்லையென்றால் பழக்கூடைக்கு.

எட்டு வளையம்

லாயம் நீளமான கட்டடம். நடுவில் நடை. இரண்டு பக்கமும் நான்கு நான்காக எட்டுத் தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பின் சுவரிலும் குதிரையைக் கட்ட ஓர் இரும்பு வளையம். வளையத்துக்குக் கீழே, கொள்ளு வைப்பதற்குக் கருங்கல்லில் குடைந்த தொட்டி. சுவரின் கனத்தை முழங்கையால் அளந்து பார்த்தேன். ஒன்றரை முழத்துக்குக் குறையவில்லை.

நைனாவின் தாத்தா இந்தக் குதிரைகளுக்குப் புல் அறுத்தவர். மலையடிவாரத்திலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்து கதவுக்கு வெளியே போட வேண்டும். உள்ளிருந்து குதிரைக்காரர் வந்து எடுத்துப் போவார். மழையே பெய்தாலும் படி தாண்டக் கூடாது. குதிரைக்கு மேலே ஓடு, புல் அறுத்தவருக்கு மேலே பனையோலை. நைனா இதைக் கோபமாகவும் சொல்ல மாட்டார், வருத்தமாகவும் சொல்ல மாட்டார். “குதிரைங்க நல்லா தூங்கியிருக்கும்” என்பார், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அந்தப் படியைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்த ஒரு பயிருக்கு மெட்ராஸ் அம்மா அனுப்பிய ஒப்பந்தத் தாள் இங்கிலீஷில் இருந்தது. அதை நைனாவுக்குத் தமிழிலும் ரைட்டர் மாமாவுக்குத் தெலுங்கிலும் வரிவரியாகச் சொன்னவளும் நான்தான். மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்றுதான் அதுவரை ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

சந்திரகிரியில் கண்டுபிடித்தது

இங்கே கொஞ்சம் பின்னால் போகிறேன்.

கல்லூரியில் முதல் வருடம், வெயில் கொளுத்திய ஒரு நாளில் எங்களைச் சந்திரகிரி கோட்டைக்கு அழைத்துப்போனார்கள். திருச்சானூரில் ஓர் அறையில் ஐந்து பெண்கள் தங்கியிருந்தோம். தகரக் கூரை. விசிறி சுற்றினால் வெந்நீரை முகத்தில் ஊற்றுவதுபோல் இருக்கும். ஷேர் ஆட்டோவில் ஏறும்போதே தாவணி முதுகோடு ஒட்டிவிடும்.

அரண்மனைக்குள் நுழைந்த சிறிது நேரத்தில் வியர்வை அடங்கிவிட்டது. தோழிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றேன். வெளியே அத்தனை வெயில், சுவருக்கு அது தெரியவே இல்லை. “ஏய், சுவரைக் கட்டிக்கினு நிக்கறே, இன்னாடி ஆச்சு?” என்று கேலி செய்தார்கள்.

பட்டுப்புழுவைப் பற்றிப் படித்தபோது ஒரு விஷயம் மனதில் தங்கியது. அதற்குச் சூடும் ஆகாது, குளிரும் ஆகாது. பகலுக்கும் இரவுக்கும் அதிகம் மாறாத ஒரே சீரான இதம் வேண்டும். வெயிலுக்கு அசையாத சுவர் பனிக்கும் அசையாது என்று கணக்குப் போட்டேன்.

சாவி கிடைத்த அன்றே லாயத்தின் நடுவில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டேன். ஒரு வாரம் பார்த்தேன். வெளியே மார்கழிப் பனி. ஆடு மேய்ப்பவர்கள் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு போனார்கள். உள்ளே அளவு அதிகம் மாறவில்லை. எந்த மெஷினும் வைக்காமல், மின்சாரச் செலவு இல்லாமல், புழுவுக்கு ஏற்ற வீட்டை யாரோ குதிரைக்காகக் கட்டி வைத்திருந்தார்கள்.

பத்துப் புழு

மருந்து வாடைதான் பெரிய தலைவலி. குதிரைகள் போனபிறகு பல வருடம் தோப்புக்கான பூச்சிமருந்தை அங்கேதான் அடுக்கியிருந்தார்கள். பட்டுப்புழுவும் பூச்சிதானே. மாமரத்துப் பூச்சியைக் கொல்வது இதையும் கொல்லும்.

அம்மாவும் நானும் கழுவினோம். சோப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர், ப்ளீச்சிங் தண்ணீர், மறுபடியும் சுண்ணாம்பு.

“தேய்ச்சித் தேய்ச்சி என் விரல்ல ரேகையே போச்சிடி” என்றாள் அம்மா. “இனிமே கைநாட்டு வெக்கக்கூட நான் லாயக்கில்லை. நீதான் எனக்குக் கையெழுத்து கத்துத் தரணும்.”

பிறகு ஒரு விவசாயியிடம் பத்துப் புழுக்களைக் கேட்டு வாங்கி வந்து, தரையில் காகிதம் விரித்து, இலை போட்டு விட்டேன். மறுநாள் காலை பத்தும் பச்சையாக வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தன.

நைனா கடப்பாரையை எடுத்து வந்தார். தரைக் கற்களின் இடுக்கில் இருந்த பழைய காரையை மூன்று பேரும் சுரண்டி எடுத்தோம். மருந்து அங்கேதான் ஊறியிருந்தது. புதுச் சுண்ணாம்புக் காரையை அடைத்துவிட்டு, மறுபடியும் பத்துப் புழு விட்டேன். ஒரு நாள். இரண்டு நாள். மூன்றாம் நாளும் தின்றுகொண்டிருந்தன.

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஜன்னல்களுக்கு வலை அடித்தோம். மூங்கில் தட்டிகளை அடுக்கடுக்காகக் கட்டினோம். தட்டிகளின் கயிறு குதிரை வளையங்களில்தான் போய் முடிந்தது. கொள்ளுத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பினேன். காற்றில் ஈரம் குறையாமல் அவை பார்த்துக்கொண்டன. இரண்டு முறை தோலுரித்த இளம்புழுக்களை வாங்கி வந்து தட்டிகளில் விட்டோம். ஏறக்குறைய ஐம்பதாயிரம்.

சார்ட்டில் இல்லாத நாள்

சுவரில் ஒரு பெரிய சார்ட் ஒட்டியிருந்தேன். எந்த நாள் எந்த இலை, எத்தனை வேளை, எப்போது சுண்ணாம்பு தூவுவது, எல்லாம் அதில் இருந்தது. நாலாவது தோலுரிப்பும் முடிந்து புழுக்கள் விரல் நீளத்துக்கு வந்துவிட்டன. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு மத்தியானம் மல்பெரிக் கட்டை இறக்கிக்கொண்டே அம்மா கேட்டாள். “எப்பப் பழுக்கும் இது?”

தின்று முடித்த புழு கூடு கட்டத் தயாராவதைப் பழுப்பது என்பார்கள். “வர்ற புதன்கிழமை” என்றேன், சார்ட்டைப் பார்க்காமலே.

அம்மா நிமிர்ந்தாள். “அடிப்பாவி. அன்னிக்கி போகிடி.”

ஓடிப்போய்ச் சார்ட்டில் தேதிகளை மறுபடியும் எண்ணினேன்.

பட்டுப்புழு வளர்க்கும் ஊர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட, புழு வாங்குவதற்கு முன் விரல் விட்டு எண்ணி, பழுக்கும் நாள் பண்டிகையில் விழாமல் பார்த்துக்கொள்வார். எங்கள் ஊரில் இதற்குமுன் யாரும் புழு வளர்த்ததில்லை. என் நோட்டில் வெப்பம் இருந்தது, ஈரம் இருந்தது, நோய்களின் பெயர் இருந்தது. போகி இல்லை.

பழுத்த புழு காத்திருக்காது. ஒரே நாளில் எல்லாம் பழுக்கும். தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி இடம் தேடும். அன்றே ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சந்திரிகையில் விட வேண்டும். சந்திரிகை என்பது வட்டவட்டமாகத் தடுப்பு வைத்த மூங்கில் தட்டு. அதில்தான் கூடு கட்டும். பொறுக்காமல் விட்டுவிட்டால் கண்ட இடத்தில் நூலை உமிழ்ந்து வீணாக்கிவிடும். குறைந்தது பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். பண்டிகை அன்று யார் கூலிக்கு வருவார்கள்?

அது பாதிதான். போகி நெருப்பை ஊர் கூடி மூட்டும் இடம் எது தெரியுமா? லாயத்து வாசலுக்கு எதிரே இருக்கும் பொட்டல். டயர் புகையும் பிளாஸ்டிக் புகையும் நேராக உள்ளேதான் வரும். புழுவுக்கு ஊதுவத்திப் புகையே ஆகாது.

“நாலு நாள் தள்ளிப்போட முடியாதா?” என்று நைனா கேட்டார்.

“புழு கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றேன். கோபம் அவர்மேல் இல்லை.

டயர்

மறுநாள் காலையிலேயே பொட்டலில் இரண்டு டிராக்டர் டயரும் கிழிந்த பாய்களும் வந்து சேர்ந்திருந்தன. டிராக்டர் ஓட்டும் ரவி அண்ணன் மூன்றாவது டயரை உருட்டிக்கொண்டு வந்தார். பக்கத்துக் குழாயில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணா, இந்த வருஷம் போகியை வேற எடத்துல வெக்கலாமா?”

“ஏன், உன் புழுவுக்கு தும்மல் வருமா?”

குழாயடி முழுதும் சிரித்தது. நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். புகையில் என்னென்ன இருக்கிறது, புழு எப்படி மூச்சு விடுகிறது, நோட்டில் இருந்த எல்லாவற்றையும் சொன்னேன்.

“இவ இன்னாடி ரேடியோ மாதிரி பேசிக்கினே கீறா?” என்றாள் லட்சுமி அத்தை. எங்கள் தெருவில் நாற்று நடவோ களை எடுப்போ, பெண்களைக் கூட்டிப் போகும் மேஸ்திரி அவள்தான். அவள் சொன்னால் பதினைந்து பேர் வருவார்கள்.

“எங்க பாட்டன் காலத்துலருந்து பங்களா வாசல்லதான் போகி” என்றார் ரவி அண்ணன். “ஜமீனே போச்சி, போகி போவல. புழுவுக்காகப் போவணுமா?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். “அத்தை, உள்ள வந்து பாருங்க. பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க.”

குடத்தை இறக்கிவிட்டு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். வந்தவர்கள் படியில் நின்றுவிட்டார்கள். யாரும் தடுக்கவில்லை. கால்கள் தாமாகவே நின்றன. அவர்களில் யாரும், அவர்கள் வீட்டில் யாரும், அதற்குமுன் அந்தப் படியைத் தாண்டியதில்லை.

“வாங்க அத்தை. இந்தத் தண்ணியில காலை நனைச்சிக்கினு வாங்க.”

“கோயிலுக்குக்கூட இவ்ளோ பண்றது இல்லடி” என்று ப்ளீச்சிங் தண்ணீரில் காலை வைத்தாள் லட்சுமி அத்தை. மற்றவர்களும் வந்தார்கள்.

உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. ஐம்பதாயிரம் புழுக்கள் இலை தின்னும் சத்தம். சூடான சட்டியில் அரிசி புரள்வது போன்ற சத்தம், லாயம் முழுக்க, நிற்காமல்.

“இது இன்னா சத்தம்?”

“துன்ற சத்தம் அத்தை.”

அவள் ஒரு புழுவை எடுத்துத் தன் மணிக்கட்டில் விட்டுக்கொண்டாள். “சில்லுனு கீது. ஐயே, பச்சை குத்தின எடத்த இலைன்னு நெனச்சி மோந்து பாக்குது பாருடி!” என்று சிரித்தாள். பிறகு தட்டிகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “இத்தினியும் ஒரே நாள்லயா பொறுக்கணும்? யார் யாரு?”

“நான், அம்மா, நைனா.”

“உங்க நைனாவா? அந்தாளு கண்ணுக்கு இலைக்காம்பையும் சேத்துப் பொறுக்குவாரே.” புழுவைத் தட்டியில் திரும்ப விட்டாள். “பொறுக்கலேன்னா?”

“பயிர் போச்சி. லாயமும் போச்சி அத்தை.”

அவள் வெளியே போனாள். “டேய் ரவி, டயரைத் தூக்கு. ஏரிக்கரைக்குப் போ.”

“அத்தை, காலங்காலமா…”

“காலங்காலமா உள்ள வுடாதவன் வாசல்லதான கொளுத்தினோம்? இன்னிக்கிதான் உள்ள போயிட்டு வந்தேன். தூக்குடா.”

என் பக்கம் திரும்பினாள். “நாங்க வரோம். ஆனா ஒண்ணு. அடுத்து எங்க வீட்லயும் இத வளக்கணும். நீ கத்துத் தரணும். படிப்ப நீயே மூட்டை கட்டி வெச்சிக்கினா எப்படி?”

“சரி அத்தை” என்றேன்.

போகி

நெருப்பு ஏரிக்கரையில் எரிந்தது. புகை மலைப்பக்கம் போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கதவைத் திறந்தேன்.

எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப்புடவையில் பதினாலு பெண்கள் வந்தார்கள். மல்லிகைப் பூவையும் பவுடரையும் பார்த்து நான் பதறினேன். வாசனையும் புழுவுக்கு ஆகாது. பண்டிகை அன்று பூவைக் கழற்றச் சொல்வதா? லட்சுமி அத்தையே முதலில் கழற்றி, திட்டிக்கொண்டே ரைட்டர் மாமாவின் நாற்காலியில் வைத்தாள். நாற்காலி நிறையப் பூ. வரிசையாக முகம் கழுவினார்கள்.

புழுக்கள் பச்சை நிறம் போய் வெல்லப்பாகு நிறத்தில், வெளிச்சம் உள்ளே தெரியும்படி மாறியிருந்தன. களை எடுத்துப் பழகிய விரல்கள். நான் பயிற்சியில் கற்றதைவிட இரண்டு மடங்கு வேகமாகப் பொறுக்கினார்கள். பழுத்தது எது, பழுக்காதது எது என்று ஒரு முறை காட்டியதுதான்.

மத்தியானம் ரைட்டர் மாமா வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடையில் நின்றார்.

“சும்மா நிக்கறதுக்கு நீ இன்னா குதிரையா?” என்று லட்சுமி அத்தை ஒரு முறத்தை அவர் கையில் திணித்தாள். சிரிப்பில் கூரையே ஆடியது. மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். சாயங்காலம்வரை பொறுக்கினார். கடைசிப் புழுவைச் சந்திரிகையில் விட்டபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

வெள்ளை

பண்டிகையின் நாலாம் நாளான முக்கனுமா கழிந்து இரண்டாம் நாள் மெட்ராஸ் அம்மா வந்தார். ஐம்பது சந்திரிகைகளும் வெள்ளை வெளேரென்று சுவரில் சாய்ந்திருந்தன.

அவர் வாய் திறப்பதற்குள் ரைட்டர் மாமா தொடங்கிவிட்டார். “இந்தச் செவுரு கனம் பாருங்கம்மா. வெயிலும் பூராது, பனியும் பூராது. புழுவுக்குன்னே கட்டினாப்பல கீது. நான் அப்பவே சொன்னேன், இந்தப் பொண்ணுக்கே குடுங்கன்னு.”

என் அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

மெட்ராஸ் அம்மா ஒரு கூட்டை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். உள்ளே புழு டக் டக் என்று மோதியது. “இதுக்குள்ள இருக்கா?” என்று சின்னப் பெண்போல மறுபடியும் ஆட்டினார். அன்றே ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். இந்த முறை ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதியவள் நான். அதில் நைனாவின் பெயரோடு என் பெயரும் இருந்தது.

மார்க்கெட்டில் எங்கள் கூடுகளைக் கொட்டியபோது வியாபாரிகள் அள்ளி அள்ளிப் பார்த்தார்கள். ஒருவர் தெலுங்கில் கேட்டார், எந்த மாதிரி ஷெட் என்று.

“குதிரை லாயம்” என்றேன், நன்றாகக் கேட்கும்படி.

அடுத்த மழைக்கு எங்கள் தெருவில் ஏழு வீட்டார் மல்பெரி நட்டார்கள். முதல் வீடு லட்சுமி அத்தையுடையது. இலை வந்துவிட்டது. ஆனால் இளம்புழுவைத் தொலைவிலிருந்து வண்டியில் கொண்டுவருவதற்குள் வெயிலில் பாதி வாடிவிடுகிறது. அதை இங்கேயே, முட்டையிலிருந்தே பொரிக்க வைக்க வேண்டும். அதற்கான பயிற்சிக்குப் போய்வந்தேன். பங்களாவின் பின்பக்கம் தனியாக நிற்கும் பழைய சமையல்கட்டையும் கேட்டு வாங்கினேன். அந்தச் சாவியை ரைட்டர் மாமா என் உள்ளங்கையிலேயே வைத்தார்.

முட்டை அட்டைகள் போன வாரம் வந்தன. கடுகைவிடச் சிறிய முட்டைகள். நேற்று முன்தினம் ஒவ்வொன்றிலும் ஊசிமுனை அளவு கறுப்பு தெரிந்தது. எல்லாம் ஒரே சமயத்தில் பொரிக்க வேண்டும் என்பதற்காகக் கறுப்புத் தாளில் சுற்றி இருட்டில் வைத்தேன். இன்று காலை சமையல்கட்டு ஜன்னலில் வெயில் விழுந்ததும் தாளைப் பிரித்தேன். கறுப்புப் புள்ளிகள் அட்டை முழுக்க ஊர்ந்துகொண்டிருந்தன. கொழுந்து இலையைப் பொடியாக நறுக்கித் தூவிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் இதை எழுதினேன்.